சாயம் அந்த இடத்துக்கு எப்படி வந்தது? ஒளிர் சாயங்களோடு கட்டி அகற்றும் மேசையில் கற்றவை

கட்டி அகற்றும் சத்திரசிகிச்சையில் இழையத்தை ஒளிரவைத்துப் பார்க்கப் பாவிக்கும் சாயம் இன்டோசயனின் கிரீன். அதன் குப்பிக்குள் 25 மில்லிகிராம் கரும்பச்சைத் தூள் இருக்கும். அதைக் கரைக்கத் தியேட்டரில் கை நீட்டினால் முதலில் அகப்படுவது சேலைன் போத்தல். பல பிழைகள் அந்தப் போத்தலில்தான் தொடங்குகின்றன. சேலைனில் உள்ள உப்பு இந்தச் சாயத்தின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். ஒட்டிய மூலக்கூறுகள் வாங்கிய ஒளியைத் திருப்பித் தராமல் தங்களுக்குள்ளேயே தீர்த்துவிடும். கண்ணுக்குப் பச்சை குறையாது, சாயம் திருப்பித் தரும் ஒளியைப் பிடிக்கும் கமராவில் மட்டும் மங்கும். பிறகு எல்லோரும் கமராவைத் திட்டுவார்கள்.

கரைக்க வேண்டியது ஊசிமருந்துக்கான கிருமிநீக்கிய வெறும் நீரில். நிணநீர்க் கணுவைத் தேடுவதற்கென்றால் ஒரு குப்பிக்கு 20 மில்லிலீற்றர். அப்போது ஒரு மில்லிலீற்றரில் 1.25 மில்லிகிராம் வரும். குப்பியை உள்ளங்கைகளுக்கு இடையில் உருட்டிக் கரைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். துணிக்கை மிதந்தால் அந்தக் குப்பி வேண்டாம். கரைத்த நேரத்தைக் குப்பியிலேயே எழுதிவிடுங்கள், ஏனென்றால் 6 மணித்தியாலத்துக்குப் பிறகு அது பாவிக்க உகந்ததல்ல. காலையில் முதல் நோயாளிக்குக் கரைத்ததை மாலையில் கடைசி நோயாளிக்கும் எடுப்பது மருந்தை மிச்சம் பிடிப்பது போலத் தெரியும். மங்கலான படத்தை வைத்துக்கொண்டு அக்குளுக்குள் அரை மணி நேரம் கூடுதலாகத் தேடும்போது அந்த மிச்சத்தின் விலை தெரியும்.

'கூடப் போட்டால் கூட ஒளிரும்' என்ற எண்ணத்தை ஒருமுறை கண்ணால் பார்த்தே கழற்றிவிட வேண்டும். நான்கு சிறு குழாய்களை வரிசையாக நிறுத்துங்கள். முதலாவதில் 1.25 மில்லிகிராம் செறிவுள்ள கரைசல். அதிலிருந்து ஒரு பங்கு எடுத்து, சிறிது அல்புமின் (குருதிப் புரதம்) கலந்த ஒன்பது பங்கு நீரோடு சேர்த்தால் இரண்டாவது. இப்படியே மூன்றாவதும் நான்காவதும். வெறும் கண்ணுக்கு முதல் குழாய் கறுப்பாகவே இருக்கும், நான்காவது ஏறக்குறைய நிறமற்றது. இனி அறை விளக்கை அணைத்துவிட்டுக் கமராவில் பாருங்கள். கறுப்பாக இருந்த முதல் குழாய் மங்கிக் கிடக்கும். இரண்டாவது, மூன்றாவது குழாய்களுக்கு வரும்போது வெளிச்சம் பொங்கும், நான்காவதில் மீண்டும் தாழும். செறிவு கூடினால் ஒரு மூலக்கூறு உமிழும் ஒளியைப் பக்கத்து மூலக்கூறு விழுங்கிக்கொள்கிறது. இந்த நான்கு குழாய்களைக் கண்டவர் அதற்குப் பிறகு 'இன்னும் கொஞ்சம் குத்துவோமா' என்று சுலபத்தில் கேட்கமாட்டார்.

நான்கு பாதைகள்

ஐ.சி.ஜி. என்று சுருக்கி அழைக்கும் இந்தச் சாயத்துக்குப் புற்றுநோயைத் தெரியாது. 1950களின் பிற்பகுதியில், இதயம் வெளியேற்றும் குருதியின் அளவையும் ஈரலின் வேலையையும் அளப்பதற்காக மருத்துவத்துக்குள் வந்தது இது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.யின் அனுமதி 1959இல் கிடைத்தது. குருதிக்குள் போனதும் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும், 3 முதல் 4 நிமிடத்தில் பாதியாகும், ஈரல் அதைப் பிடித்துப் பித்தத்துக்குள் விடும். அவ்வளவுதான் அதன் பயணம். ஏறக்குறைய 780 முதல் 805 நானோமீற்றர் ஒளியை வாங்கி, 820 முதல் 835 வரையிலான ஒளியைத் திருப்பித் தருகிறது. இது கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர். இந்த அலைநீளத்தில் குருதியின் ஈமோகுளோபினும் இழையத்திலுள்ள நீரும் ஒளியை அதிகம் விழுங்குவதில்லை. அதனால் சில மில்லிமீற்றர் தொடங்கி ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் இருப்பதையும் பிடிக்கலாம்.

ஆகவே திரையில் ஓரிடம் ஒளிர்ந்தால் கேட்கவேண்டிய கேள்வி: சாயம் அந்த இடத்துக்கு எப்படி வந்தது? தோலுக்குள் குத்தினால் நிணநீர்க் குழாய் வழியே வந்திருக்கிறது. நாளத்தில் குத்தி உடனே பார்த்தால் குருதியோட்டத்தோடு வந்திருக்கிறது. குடலை வெட்டித் தைத்த இடத்துக்கு இரத்தம் போகிறதா என்று பார்ப்பது இப்படித்தான். முதல் நாளே கூடிய அளவில் குத்திவிட்டு மறுநாள் பார்த்தால், கட்டியின் ஒழுகும் குருதிக்குழாய்கள் வழியே வெளியேறித் தேங்கி நிற்பதைப் பார்க்கிறோம். ஆய்வுகளில் இதற்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வரை கொடுத்திருக்கிறார்கள். மருந்தோடு வரும் விளக்கத் துண்டில் உள்ள உச்சவரம்போ 2 மில்லிகிராம். எனவே அது ஆய்வு அனுமதியோடு மட்டும் செய்ய வேண்டியது. ஈரலில் நான்காவது கதை: சில நாட்களுக்கு முன் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் கொடுத்திருந்தால், நல்ல ஈரற்கலம் சாயத்தைப் பித்தத்துக்குள் தள்ளிவிட்டுச் சுத்தமாகிவிடும். ஈரலில் தோன்றிய, இன்னும் ஈரற்கலத்தின் சாயல் மாறாத புற்று அதைத் தள்ள வழியின்றி வைத்திருந்து முழுதாக ஒளிரும். குடலிலிருந்து பரவி வந்த கட்டி தான் ஒளிராது. அது நசுக்கி வைத்திருக்கும் பக்கத்து ஈரல் இழையம்தான் வளையமாக ஒளிரும். சிரோசிஸால் வடுப்பட்ட ஈரலிலோ புற்றில்லாத முடிச்சுகளும் ஒளிரும். நான்கும் ஒரே சாயம், ஒரே பச்சை. பொருள் மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு.

அக்குளில் முதற்கணு

இலங்கையில் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்று. ஆகவே இந்தச் சாயத்தால் இங்கே கூடுதல் பயன் கிடைக்கக்கூடிய இடமும் அதுவே. மார்பிலிருந்து வரும் நிணநீர் முதலில் சேரும் கணுவைக் கண்டுபிடித்து எடுத்துப் பார்த்தால், அங்கே புற்று இல்லாதபோது அக்குளை முழுதாக வழித்தெடுக்கத் தேவையில்லை. அந்தப் பெண்ணுக்குக் கை வீங்கும் ஆபத்து வெகுவாகக் குறையும். வழமையான முறையில் டெக்னீசியம்-99எம் கதிரியக்கத் துணிக்கை வேண்டும். அதன் அரைவாழ்வு 6 மணித்தியாலம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வீதி வழியே ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அங்கே காலையில் ஏற்றினால் இங்கே இறக்கும்போது பாதி போயிருக்கும். ஐ.சி.ஜி. தூளுக்கு அந்தக் கவலை இல்லை. அறை வெப்பநிலையில், 20 முதல் 25 பாகைக்குள், லாச்சியிலேயே இருக்கும். எங்கள் மே மாத அறை வெப்பநிலை அதற்குள் அடங்காது என்பதால், குளிரூட்டிய மருந்தறையில் வைக்கச் சொல்லுங்கள்.

மயக்கம் கொடுத்தபின், முலைக்காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் நான்கு இடங்களில் தோலுக்குள் 0.25 மில்லிலீற்றர் வீதம், மொத்தம் 1 மில்லிலீற்றர். இன்சுலின் ஊசி போன்ற மெல்லிய ஊசி போதும். சரியான தளத்தில் போனால் தோல் ஆரஞ்சுத்தோல் போலப் புள்ளிபட்டு வெளுத்து எழும்பும். எழும்பாவிட்டால் ஆழமாகப் போய்விட்டது, சாயம் நகர நேரமாகும். ஊசியை இழுத்த உடனே பஞ்சால் அழுத்துங்கள். அந்தப் பஞ்சையும் ஊசியையும் மேசையை விட்டு வெளியேற்றுங்கள், கையுறையை மாற்றுங்கள். சொல்லச் சொல்லக் கேட்காத இடம் இதுதான். ஒரு துளி சாயம் கையுறையில் பட்டால் போதும், தொட்ட இடமெல்லாம் கணுவாகத் தெரியும்.

ஐந்து நிமிடம் மென்மையாகத் தடவிவிட்டுக் கமராவைப் பிடித்தால், தோலுக்கடியில் வெள்ளைக் கோடு ஒன்று அக்குளை நோக்கி ஊர்வது தெரியும். முதல்முறை காண்கிறவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார்கள். அந்தக் கோடு ஓரிடத்தில் மறையும். கணு அதில்தான் இருக்கிறது என்று நினைக்கக்கூடாது. குழாய் கொழுப்புக்குள் ஆழமாக இறங்குகிற இடம் அது. அங்கே பேனாவால் அடையாளமிட்டு, கோட்டின் போக்கிலேயே சற்று மேலே கீறுங்கள். உள்ளே போகும்போது ஒளிரும் குழாயை அறுத்துவிடாதீர்கள். அறுந்தால் பச்சை நிணநீர் அக்குள் முழுவதும் பரவி, பிறகு எல்லாமே ஒளிரும். நடந்துவிட்டால் சேலைனால் கழுவி உறிஞ்சி, புதுப் பஞ்சு வைத்து, சில நிமிடம் பொறுத்து மீண்டும் பார்க்கலாம். பதறிக்கொண்டு கண்டதையெல்லாம் வெட்டக்கூடாது. எடுத்த கணுவை நோயாளியிடமிருந்து தள்ளிப் பிடித்துத் தனியாகக் கமராவில் பாருங்கள். பிறகு வெட்டிய குழிக்குள் மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

கமராவை அணைத்தபின் விரலால் தடவ மறக்கவேண்டாம். புற்று நிறைந்து அடைத்த கணுவுக்குள் நிணநீர் நுழையாது, ஆகவே சாயமும் நுழையாது. மிக மோசமான கணு இருட்டாகவே இருக்கக்கூடும். கல்லுப்போல் விரலில் படுகிறது என்றால் ஒளிராவிட்டாலும் அதை எடுக்க வேண்டும்.

குத்துவதற்கு முன் மயக்கமருந்து வைத்தியரிடம் 'சாயம் போகிறது' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். விரலில் மாட்டியிருக்கும் ஒட்சிசன் மானி சிறிது நேரம் பொய்யாக இறங்கிக் காட்டலாம். நாளத்தில் கொடுக்கும் நீலச் சாயத்தால் இது இன்னும் அதிகம். ஒவ்வாமை அரிதுதான், என்றாலும் அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இந்தத் தூளில் 5 சதவீதம் வரை சோடியம் அயடைட் இருப்பதால் அயடைட் ஒவ்வாமையைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். விசாரித்தால் எங்கள் ஊரில் வரும் பதில் "எனக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது டொக்டர்" என்பதுதான். நண்டும் இறாலும் ஒத்துக்கொள்ளாதது அவற்றின் தசைப்புரதத்தால். அயடீனால் அல்ல. அதை மட்டும் வைத்து நல்லதொரு பரிசோதனையை மறுத்துவிடாதீர்கள். தைரோயிட் நோயாளி என்றால் வேறொன்றைக் கவனிக்க வேண்டும்: ஐ.சி.ஜி. கொடுத்தபின் ஒரு கிழமைக்குக் கதிரியக்க அயடீன் உள்ளெடுப்புப் பரிசோதனை செய்யக்கூடாது.

விளக்கை அணைத்தால் மட்டும் போதாது

பழைய ஹலஜன் தியேட்டர் விளக்கு செங்கீழ்க் கதிரைக் கொட்டும். எல்.ஈ.டி. விளக்கு அவ்வளவு இல்லை, ஆனாலும் முகம் திருப்பி வைக்க வேண்டும். சன்னலுக்குத் திரை போட்டிருந்தாலும் சித்திரை மாதத்து யாழ்ப்பாண வெயில் இடுக்கால் வரும். அந்த ஒரு கீற்று திரையில் பெரிய கட்டி போலக் காட்டும். கமரா 20 சென்ரிமீற்றரில் இருந்து 40க்குப் போனால் அதன் விளக்கிலிருந்து விழும் ஒளி ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். எனவே தூரத்தை மாற்றாமல் ஒப்பிடுங்கள். தானியங்கிப் பெருக்கத்தை நிறுத்துங்கள். அது இருட்டைக் கண்டால் இருட்டையே வெளிச்சமாக்கிக் காட்டும், 'ஏதோ ஒளிர்கிறது' என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். நம்பத்தக்கது ஒரே படத்துக்குள் கட்டிக்கும் பக்கத்து நல்ல இழையத்துக்கும் உள்ள வெளிச்ச விகிதம்.

புதுக் கமரா வந்தால் நோயாளி இல்லாத ஒரு நாளில் தியேட்டரில் உள்ள எல்லாவற்றையும் அதன் முன் வைத்துப் பாருங்கள்: பஞ்சு, தையல் நூல், தோலில் கீறும் பேனா, விரிக்கும் துணி. கண்ணுக்குக் கறுப்பாக இருக்கும் பல செயற்கைத் துணிகள் செங்கீழ்க் கதிரில் பளீரென்று வெள்ளையாகத் தெரியும். 'கறுப்பு' எது என்பதைக் கமராவைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சிவப்பாய் ஒளிரும் மூளைக் கட்டி

5-அமினோலெவுலினிக் அமிலம் வேறு மாதிரி வேலை செய்கிறது. அது சாயமே அல்ல, சாயத்தின் மூலப்பொருள். நோயாளி அதைக் குடிக்க, கிளையோமா என்ற மூளைக் கட்டியின் கலம் அதை புரோட்டோபோர்பிரின்-9 என்ற ஒளிரும் பொருளாக மாற்றித் தன்னுள் சேர்த்துக்கொள்கிறது. 400 நானோமீற்றர் அளவிலான நீல ஊதா ஒளியில் அது 635இல் சிவப்பாக ஒளிரும். ஜேர்மனியில் ஸ்டும்மர் குழுவினர் 2006இல் வெளியிட்ட சோதனையில், எம்.ஆர்.ஐ.யில் மிச்சம் தெரியாமல் கட்டி முழுதாக அகற்றப்பட்டவர்கள் இந்த ஒளியோடு 65 சதவீதம், வெறும் வெள்ளை வெளிச்சத்தில் 36 சதவீதம். ஐரோப்பாவில் 2007இலும் அமெரிக்காவில் 2017இலும் அனுமதி கிடைத்தது.

1.5 கிராம் போத்தலில் 50 மில்லிலீற்றர் குடிநீர் விட்டால், ஒரு மில்லிலீற்றரில் 30 மில்லிகிராம். கிலோவுக்கு 20 மில்லிகிராம் கணக்கில் 60 கிலோ நோயாளிக்கு 1200 மில்லிகிராம், அதாவது 40 மில்லிலீற்றர். நிறையை அன்று காலை தராசில் பாருங்கள். கிளினிக் கொப்பியில் இருப்பது மூன்று மாதத்துக்கு முந்திய நிறையாக இருக்கும், இந்த நோயில் மூன்று மாதம் நீண்ட காலம். மயக்கம் கொடுப்பதற்கு 2 முதல் 4 மணித்தியாலம் முன்பு குடிக்க வேண்டும். 8 மணிக்கு முதல் ஆள் என்றால் 5 மணிக்கு. தியேட்டர் அட்டவணை சறுக்கி மதியம் ஆனாலும் பயப்படவேண்டாம், ஒளிர்வு உச்சத்துக்கு வருவதே 6 மணித்தியாலத்துக்குப் பிறகுதான். 12 மணித்தியாலத்துக்கு மேல் தள்ளிப்போனால் மறுநாள் அல்லது அதற்குப் பிறகுதான் எடுக்க வேண்டும், மருந்தும் புதிதாகக் குடிக்க வேண்டும். போர்பிரின் உடலில் தேங்கும் நோயான போர்பிரியா உள்ளவருக்கு இது ஆகவே ஆகாது.

அடுத்தது வெயில். 24 முதல் 48 மணித்தியாலம், மருந்துத் துண்டு சொல்லும் அளவுக்கு, கண்ணும் தோலும் கடும் வெளிச்சத்தில் படக்கூடாது. வார்டில் சன்னலோரக் கட்டிலைக் கொடுக்கவேண்டாம். பரிசோதனை விளக்கை முகத்துக்கு நேரே பிடிக்கவேண்டாம். சொல்வதை அவர்களுடைய பேச்சிலேயே சொன்னால்தான் நிற்கும்: "அம்மா, இந்த மருந்து குடிச்சா ரண்டு நாளைக்கு வெயில் படக்கூடாது. விறாந்தையிலையும் இருக்காதேங்கோ, உள் அறையிலை இருங்கோ. வீட்டு பல்ப் வெளிச்சம் பரவாயில்லை." இதை நோயாளியிடம் மட்டுமன்றிப் பார்க்க வரும் மகளிடமும் சொல்லுங்கள். காற்று வரட்டும் என்று சன்னலைத் திறந்துவிடுவது அந்த மகள்தான்.

நுணுக்குக்காட்டியை நீல ஒளிக்கு மாற்றிப் பார்க்கும்போது உறைந்த இரத்தத்தைக் கழுவிவிட்டுப் பாருங்கள். ஒரு மெல்லிய படலமே சிவப்பை மறைக்கப் போதும். செந்தணல் போன்ற திடமான சிவப்பு உயிருள்ள கட்டி. அதன் ஓரத்து ரோஜா நிறம், நல்ல மூளைக்குள் கட்டிக்கலங்கள் கலந்த பகுதி. நடுவில் செத்த இழையம் ஒளிராது, தரம் குறைந்த கட்டிகளும் பெரும்பாலும் ஒளிராது. விளக்கு படப்பட நிறம் வெளிறும். ஸ்டும்மர் அளந்தபடி, நீல ஊதா ஒளியில் 25 நிமிடத்திலும் வெள்ளை ஒளியில் 87 நிமிடத்திலும் ஒளிர்வு 36 சதவீதத்துக்கு இறங்குகிறது. ஆகவே ஒரே சுவரை நெடுநேரம் நீல ஒளியில் காட்டிக்கொண்டிருந்துவிட்டு 'இனிச் சிவப்பு இல்லை' என்று முடிவெடுக்கக்கூடாது. மேலே ஒரு மில்லிமீற்றர் உறிஞ்சிப் பார்த்தால் அடியில் சிவப்பு இருக்கும். கையை அசைக்கிற பகுதியா, பேசுகிற பகுதியா என்பதைச் சிவப்பு சொல்லாது. ஒளிர்கிறது என்பதற்காக மட்டும் வெட்டுவது மிக ஆபத்தான வாசிப்பு.

கண் சிகிச்சைப் பிரிவுகளில் பாவிக்கும் 10 சதவீத புளோரசீன் மலிவு. 1948லேயே மூளைக் கட்டியில் முயன்றிருக்கிறார்கள். கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம் நாளத்தில் கொடுத்து மஞ்சள் வடிகட்டியில் பார்க்கலாம். ஆனால் அது கட்டியில் ஒட்டுவதில்லை, குருதி-மூளைத் தடுப்பு உடைந்த இடமெல்லாம் ஒழுகும். சத்திரசிகிச்சையில் நாமே உடைத்த இடத்திலும் ஒழுகும். மறுநாள் சிறுநீர் மஞ்சளாகப் போவதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் வார்டில் பதற்றம் இருக்காது.

குறிவைத்துச் செல்லும் மூலக்கூறுகள்

இவற்றுக்கு மூன்று உறுப்பு: புற்றுக்கலத்தின் மேலுள்ள ஒன்றைப் பிடிக்கும் கை, ஒளிரும் சாயம், இரண்டையும் இணைக்கும் பாலம். பஃபொலாசியானின் என்ற மருந்து போலிக் அமிலத்தைக் கையாகக் கொண்டது, ஏனென்றால் சூலகப் புற்றுக்கலங்களில் போலேட் ஏற்பி மிகுதி. 2021 நவம்பரில் சூலகப் புற்றுக்கும் 2022 டிசம்பரில் நுரையீரலுக்கும் அமெரிக்க அனுமதி கிடைத்தது. கிலோவுக்கு 0.025 மில்லிகிராம், 5 சதவீத டெக்ஸ்ட்ரோசில் கலந்து ஒரு மணித்தியாலம் ஏற்ற வேண்டும். சூலகத்துக்கென்றால் சத்திரசிகிச்சைக்கு 1 முதல் 9 மணித்தியாலம் முன்பு. இங்கும் சேலைன் கூடாது. மருந்து ஏற்றுவதற்கு முந்திய 48 மணித்தியாலத்துக்குப் போலிக் அமில மாத்திரையை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் மாத்திரை முதலே போய் ஏற்பியில் உட்கார்ந்துவிடும். எங்கள் நோயாளிகள் 'இரத்தக் குளிசை' என்று இரும்போடு சேர்த்து விழுங்குவதில் போலிக் அமிலமும் இருக்கும். 'போலிக் அமிலம் எடுக்கிறீங்களா' என்று கேட்டால் இல்லை என்பார்கள். குளிசைப் பையைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள்.

இந்த மருந்து உறைபெட்டியில், சைபருக்குக் கீழே 15 முதல் 25 பாகையில் இருக்க வேண்டும். மின்வெட்டு நேரத்தில் பெட்டியைத் திறக்காமல் இருப்பதும், வெப்பப் பதிவுக் கருவி உள்ளே இருப்பதும், சாயத்தின் விலையை விட முக்கியம். குறிவைக்கும் மூலக்கூறும் ஏமாறும்: போலேட் ஏற்பியின் ஒரு வகை அழற்சிக் கலங்களிலும் உண்டு. அதனால் காசநோய் போன்ற அழற்சியில் வீங்கிய கணுவும் ஒளிரலாம். பழைய காசநோய் வடு உள்ள நுரையீரல் எங்கள் பக்கம் அரிதல்ல. 2024 ஏப்ரலில் மார்பகப் பகுதிநீக்கத்துக்கு அனுமதி பெற்ற பெகுலிசியானின் வேறு தந்திரம்: அணைந்த நிலையில் போய், கட்டியிலுள்ள நொதியங்கள் வெட்டிய பிறகே ஒளிரும். கிலோவுக்கு 1 மில்லிகிராம், பார்ப்பதற்கு 2 முதல் 6 மணித்தியாலம் முன்பு. கடும் ஒவ்வாமை பற்றிக் கட்டமிட்டு அச்சிட்ட எச்சரிக்கை அதன் துண்டிலேயே இருக்கிறது.

வெற்றிலையும் புகையிலையும் கொண்டுவரும் வாய்ப்புற்றுக்கு இப்படிப்பட்ட சாயங்கள், எதிர்ப்புரதத்தோடு இணைத்தவை, இன்னும் ஆய்வு நிலையில்தான். நீல ஒளியில் வாயைப் பார்க்கும் கருவியை வைத்திருப்பவர்கள் இரண்டு விடயம் தெரிந்திருக்க வேண்டும். நல்ல சளிச்சவ்வு தானாகவே பச்சையாக ஒளிரும், புற்றும் முன்புற்றும் இருட்டாகத் தெரியும். ஆனால் அழற்சியும் இருட்டு, எங்கள் முரசில் இயல்பாகவே உள்ள கருநிறமும் இருட்டு. இதற்கு நேர்மாறாக நாக்கிலும் பல்லிடுக்கிலும் செம்மஞ்சளாக மின்னுவது பெரும்பாலும் பற்றீரியா செய்யும் போர்பிரின். வாய் கொப்பளித்துத் துடைத்தபின் மீண்டும் பாருங்கள்.

பழகுவதற்கு ஒரு போலிக்கட்டி

நோயாளியில் கைவைக்கும் முன் மாணவர்கள் பழக வேண்டும். 1 சதவீத அகாரை (கடையில் கடற்பாசி என்று கேட்டால் தருவது) கொதிக்கவைத்துக் கரைத்து, ஆறும்போது மிகச் சிறிதளவு ஐ.சி.ஜி. கலந்து, 5 மில்லிமீற்றர் உருண்டைகளாக உறையவிடுங்கள். இனி 10 கிராம் ஜெலற்றினைக் குளிர்நீரில் ஊறவைத்து, நீர் மொத்தம் 95 மில்லிலீற்றர் வரும்படி சேர்த்துச் சூடாக்குங்கள், கொதிக்கவேண்டாம். 40 பாகைக்கு ஆறியதும் இன்ட்ராலிப்பிட் என்ற 20 சதவீதக் கொழுப்புக் குழம்பு 5 மில்லிலீற்றரும் ஒரு சொட்டில் சிறு பங்கு கறுப்பு மையும் கலந்து, உருண்டைகளின் மேல் 2, 5, 10 மில்லிமீற்றர் தடிப்பில் ஊற்றுங்கள். கொழுப்புத் துளிகள் ஒளியைச் சிதறடிக்கும், மை விழுங்கும், இரண்டும் சேர்ந்தால் தசை மாதிரி நடக்கும். அகார் 85 பாகை வரை உருகாது என்பதால் சூடான ஜெலற்றின் பட்டாலும் உருண்டை கலையாது. ஆனால் ஜெலற்றின் எங்கள் மதிய வெக்கையில் தானே இளகிவிடும். குளிரூட்டிய அறையிலோ ஐஸ் தட்டின் மேலோ வையுங்கள். சாயம் மெல்ல மெல்லக் கசிந்து பரவும், நீரில் அழியவும் செய்யும். அன்று செய்ததை அன்றே பாவியுங்கள். 2 மில்லிமீற்றரில் கூராகத் தெரியும் உருண்டை 10இல் பனிமூட்டத்துக்குள் விளக்கு மாதிரி அகன்று மங்கும். ஓரத்தை எங்கே வெட்டுவது என்று அப்போது மாணவரைக் கேளுங்கள்.

பல்கலைக்கழகத்தில் எலிகளில் ஆய்வு செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 700 நானோமீற்றர் பக்கத்தில் பார்க்கும்போது தீவனத்திலுள்ள இலைப்பச்சை குடலை ஒளிரவைக்கும். இலைதழை இல்லாத தீவனத்துக்குச் சில நாள் முன்பே மாற்றுங்கள். 800இல் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

கருவியைத் தாங்களே கட்டுபவர்கள் முதலில் சாயமில்லாத வெள்ளைக் கடதாசியைப் படம் எடுக்கட்டும். அது ஒளிர்ந்தால் விளக்கு ஒளியின் நீண்ட அலைநீளப் பகுதி (அதன் 'வால்') கமராவின் வடிகட்டியைத் தாண்டி வருகிறது. குறுக்கீட்டு வடிகட்டிகளில் ஒளி சரிந்து விழுந்தால் அவை விடும் அலைநீளம் குறுகிய பக்கம் நகரும். அகன்ற வில்லையில் படத்தின் ஓரங்கள் மட்டும் பொய்யாக ஒளிர்வது அதனால்தான். 785 நானோமீற்றர் லேசர் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது, ஆகவே இமை தானாக மூடாது. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் யாரும் அறைக்குள் வரக்கூடாது. இந்தக் கருவி போலிக்கட்டிக்கு மட்டும், நோயாளிக்கு அல்ல.

வெட்டியெடுத்த பிறகு

வெட்டிய துண்டை உடனே போமலினுக்குள் போடாதீர்கள். மேல்பக்கத்துக்குக் குட்டைத் தையல், வெளிப்பக்கத்துக்கு நீளத் தையல் போட்டபின், இருட்டுப் பெட்டிக்குள் ஒரே தூரத்தில் வைத்து ஆறு பக்கத்தையும் படமெடுங்கள். எந்தப் பக்கத்தின் வெட்டுமுகத்தில் கூடிய வெளிச்சம் இருக்கிறதோ அங்கே கட்டி ஓரத்துக்குக் கிட்ட இருக்கலாம். உள்ளே புதைந்த கட்டியின் மேல் நல்ல இழையம் மெல்லிதாக இருந்தாலும் ஒளி கசியும். அந்த இடத்தில் மூன்றாவது தையல் ஒன்றைப் போடுங்கள். உறைவெட்டு (துண்டை உறையவைத்துச் சீவி உடனே நுணுக்குக்காட்டியில் பார்ப்பது) வசதி இருந்தால் அந்த இடத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும், துண்டின் நான்கு மூலையிலிருந்தும் கண்டபடி அல்ல.

நோயியல் ஆய்வுகூடத்துக்குப் போகும் படிவத்தில் சாயத்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம், வெட்டிய நேரம், மூன்றாவது தையல் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். 'ஒளிர்ந்தது' என்று மட்டும் எழுதினால் அங்கிருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. முடிவு வந்தபின் அதே படிவத்தின் பிரதியில் ஒளிர்ந்த இடத்தில் புற்று இருந்ததா, ஒளிராத இடத்தில் இருந்ததா என்று இரண்டு கட்டம் நிரப்பி, படத்தோடு ஒரே கோப்பில் வையுங்கள். அடுத்த நோயாளிக்குக் கமராவைக் கையில் எடுப்பவர் அந்தக் கோப்பைப் புரட்டிவிட்டு எடுக்கட்டும்.